கலாதேவி படிக்கப் போன கோடை

ஜேர்மனியின் எசன் நகரத் தமிழர் நடுவில் கலாதேவியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவளைப் பற்றிக் கேட்டால் யாரும் அவளில் தொடங்கமாட்டார்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கிற புவனேந்திரனின் மனைவி என்பார்கள். அல்லது எஞ்சினியருக்குப் படிக்கிற சுலக்சனின் தாய் என்பார்கள். பெயின்ற் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள் என்று சொன்னால், அங்கே கூட்டித் துடைக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை. “என்ரை பிள்ளை படிக்கிறான், அது காணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அது போதாது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

உயர்தரப் பரீட்சையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு எடுபடும் அளவுக்குப் புள்ளி வாங்கியவள் அவள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. பீடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் போரால் முழுச் சனமும் இடம்பெயர்ந்தது. அனுமதிக் கடிதம் என்று ஒன்று வந்ததா, வந்து ஆளில்லாத வீட்டுக் கதவடியில் கிடந்ததா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பிறகு கொழும்பு, பேசிச் செய்த கலியாணம், ஜேர்மனி. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் பத்து வருடம் கோப்பை கழுவினாள். முப்பத்தாறு வயதில், எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்றரை வருடம் ஆய்வுகூட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தாள். புவனேந்திரன் அதற்குத் தடை சொல்லவில்லை. “குசினியை விட நல்லதுதான்” என்று மட்டும் சொன்னான்.

இதெல்லாம் தொழிலுக்காக. படிப்பு என்று அவள் மனதில் வைத்திருந்தது வேறு. அதை மகனிடம் கொடுத்திருந்தாள்.

போன வருடம் வைகாசியில், வேலையிடத்து மதிய இடைவேளையில், கூட வேலை செய்கிறவள் ஒருத்தி தன் மகளுக்காகக் கொண்டுவந்திருந்த பல்கலைக்கழகக் கையேட்டைக் கலாதேவி சும்மா எடுத்துப் புரட்டினாள். துறை சார்ந்த தொழிற்பயிற்சியும் மூன்று வருட வேலை அனுபவமும் உள்ளவர்கள் பள்ளிக்கூட இறுதிப் பரீட்சை இல்லாமலே இரசாயனம் படிக்க விண்ணப்பிக்கலாம் என்று அதில் ஒரு பந்தி இருந்தது. அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். தன்னை விட்டுவிட்டு யாருக்கோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள்.

“உனக்குத்தான் எழுதியிருக்கிறார்கள்” என்றாள் அவள்.

வீட்டில் சொல்லாமல் அன்ட்ராக் போட்டு விண்ணப்பித்தாள். ஆடி மாதம் இடம் கிடைத்தது. ஐப்பசியில் படிப்புத் தொடங்கும். அதற்கு முன்னால், கோடை விடுமுறையில், புதிதாக வருபவர்களுக்கு நான்கு கிழமை கணித வகுப்பு இருந்தது. கட்டாயமில்லை. ஆனால் கணிதத்தைத் தொட்டு முப்பது வருடமான ஒருத்திக்கு அது கட்டாயம்தான். மிச்சமிருந்த லீவு முழுவதையும் ஓகஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள்.

புவனேந்திரன் இடியப்பத்தைப் பிசைவதை நிறுத்தினான்.

“ஐம்பது வயதிலையோ, கலா?”

“நாப்பத்தொன்பது.”

“முடிச்சு வரேக்கை பென்சன் எடுக்கிற வயது வந்திடும். உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? அதுதான் இவன் படிக்கிறானே.”

சுலக்சன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். இருபத்துநான்கு வயது. இந்த வருடத்தோடு முடிந்துவிடும், கடைசி ஆய்வை எழுதிக் கொடுத்தால் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தவன். “எந்த யூனி?” என்று மட்டும் கேட்டான்.

“உன்ரை யூனிதான். வேற எங்கை? அரை மணித்தியாலத்திலை போயிடலாம்.”

“அங்கை வேண்டாம் அம்மா.”

“ஏன்?”

“வேற இடத்துக்குப் போடுங்கோ. பக்கத்து ஊர் டோட்முண்ட் இருக்கு, போஹும் இருக்கு. ஏன் அங்கைதான் வரவேணும்?”

அவன் குரல் உயர்ந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததற்கு அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

“என்ன, அம்மா அங்கை வந்தா உனக்கு வெக்கமோ?”

அவன் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, யாரோ நீட்டிய கையைப் பிடிப்பதுபோல, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். “ஓம். வெக்கம்தான்.”

கலாதேவி எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சாமான் கழுவினாள். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “நான் உன்னோடை கதைக்கமாட்டன். கண்டாலும் காணாத மாதிரிப் போறன். உன்ரை சிநேகிதருக்கு ஒருத்தருக்கும் தெரியவராது. சரியோ?”

அவன் தன் தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குப் போனான்.

அப்படித்தான் அந்த ஓகஸ்ட் தொடங்கியது. சுலக்சன் காலை ஏழு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு என்று போவான். அவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவள் அடுத்ததையும் விட்டு அதற்கடுத்த ரயிலில் போவாள். விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அவள் உள்ளே போனபோது முன்வரிசையில் இருந்த ஒருவன் எழும்பி, பேராசிரியருக்கு வழி விடுவதுபோல ஒதுங்கினான். அவள் அவனைக் கடந்துபோய் நடுவரிசையில் உட்கார்ந்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் மெலனி, பத்தொன்பது வயது ஜேர்மன் பிள்ளை. “நீங்களும் பயத்தில்தான் வந்தீர்களா?” என்று கேட்டுச் சிரித்தாள். கலாதேவிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் விளங்கவில்லை. விரிவுரையாளர் சொன்ன ஜேர்மன் சொற்கள் எல்லாம் தலைக்கு மேலால் போயின. மூன்றாம் நாள் அவர் பலகையில் ஒரு வளைகோட்டைக் கீறி, அதில் ஒரு நேர்கோட்டைத் தொடவிட்டார். கலாதேவி தன்னை அறியாமல் “வகையீடு” என்றாள். மெலனி திரும்பிப் பார்த்தாள். “ஒன்றுமில்லை” என்றாள் கலாதேவி. ஆனால் அந்த ஒரு சொல்லோடு மிச்சம் எல்லாம் எழும்பி வரத் தொடங்கியது. எல்லை, தொடர்ச்சி, தொகையீடு. முப்பது வருடமாக எங்கே கிடந்தன என்று தெரியாது. விரிவுரையாளர் ஜேர்மனில் சொல்லச் சொல்ல அவள் மனதுக்குள் தமிழில் செய்து, விடையை ஜேர்மனில் எழுதினாள். இரண்டாம் கிழமை தொடங்கும்போது மெலனியும் அவள் தோழிகள் மூன்று பேரும் கலாதேவியின் தாள்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வரும்போது நடையே மாறிப்போயிருந்தது. ரயிலில் யாரும் இடித்தால்கூட அவளே மன்னிப்புக் கேட்டாள். ஒரேயொரு குறைதான். மதியச் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது கண் அவளைக் கேளாமல் மகனைத் தேடும். கதைப்பதற்கு அல்ல, தூரத்தில் ஒருக்கால் பார்ப்பதற்கு. ஒருநாளும் காணவில்லை. தன்னைக் கண்டு ஒளிக்கிறான் என்று நினைத்தாள். பாதிச் சாப்பாட்டோடு தட்டைக் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

பின்னேரங்களில் சிறு குழுக்களாகப் பயிற்சி வகுப்பு நடக்கும். அவள் குழுவை நடத்தியவன் பென்ஜமின், கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற மெலிந்த பொடியன். யாருக்கும் கேள்வி விளங்காவிட்டால் தன் பிழைபோலத் தலையைச் சொறிவான். இரண்டாம் கிழமை வியாழக்கிழமை வகுப்பு முடிந்தபின், வரவுத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அவளைக் கூப்பிட்டான்.

“திருமதி புவனேந்திரன், இந்தப் பெயரை நான் முந்தியும் எழுதியிருக்கிறேன். சுலக்சன் என்று ஒருவர் என் வகுப்பில் இருந்தார். உங்கள் உறவா?”

கலாதேவி மகனுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அன்று மத்தியானம்தான் ஒரு கடினமான கணக்கை அவள் மட்டும் செய்திருந்தாள். பெருமை அவளுக்குள் நிரம்பி நின்றது.

“என் மகன்” என்றாள்.

“ஓ!” பென்ஜமின் முகம் மலர்ந்தது. “எப்படி இருக்கிறார்? வேறு ஏதாவது நல்லதாகக் கிடைத்ததா? நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்த மூன்றாவது பரீட்சைக்குப் பிறகு ஆளைக் காணவே கிடைக்கவில்லை.”

“அவன் இங்கேதான் படிக்கிறான். இந்த வருடம் முடிக்கிறான்.”

பென்ஜமின் கையில் இருந்த தாளை மடித்தான். திரும்ப விரித்தான். அவன் காதுகள் சிவந்தன.

“அப்படியென்றால் நான் வேறு யாரையோ நினைத்துவிட்டேன்” என்றான். “மன்னியுங்கள். எத்தனையோ பேர் வந்துபோகிறார்கள்.”

சுலக்சன் புவனேந்திரன் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் வந்துபோயிருக்க முடியும்? கலாதேவி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தரிப்பிடத்தில் இரண்டு ரயில்கள் வந்து போயின. அவள் ஏறவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகக் கடிதங்கள் இப்போது தபாலில் வருவதில்லை, எல்லாம் இன்ரநெற்றில்தான் என்று அவன் சொன்னது. மாணவர் அட்டையில் பயணம் செய்தவன் வேறு ரிக்கற் வைத்திருந்தது. கைகளில் இருந்த கீறல்கள். கேட்டபோது ஜிம்முக்குப் போவதாகச் சொன்னான்.

அன்று ஆறு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தான். எப்போதும்போல அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எப்போதும்போலக் கேட்டாள்.

“இண்டைக்கு என்ன செய்தனி?”

“அந்தக் கடைசி அதிகாரம்தான். நீரோட்டக் கணிப்பு. கொம்பியூட்டரிலை ஓடவிட்டா நாலு மணித்தியாலம் எடுக்குது. புரொபெசர் ஒரு பிழை கண்டுபிடிச்சிட்டார், திருப்பிச் செய்யவேணும்.”

அவன் தடுமாறவில்லை. கண்ணைத் தாழ்த்தவில்லை. பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு, இல்லாத ஒரு பேராசிரியரின் குணத்தை விவரித்தான். கலாதேவிக்கு அவன் பொய் சொன்னது பெரிதாகப் படவில்லை. எவ்வளவு நன்றாகச் சொல்கிறான், எத்தனை நாள் பழகியிருந்தால் இப்படிச் சொல்ல வரும் என்பதுதான் பட்டது.

ஒன்பது நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வகுப்புக்குப் போனாள், கணக்குகளைச் செய்தாள், மாலையில் அவன் சொன்னதைக் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் அங்கே இல்லாமல் கதைத்தார்.

மூன்றாம் கிழமை முடிவில் பென்ஜமின் ஒரு தாளைக் கொடுத்து, விரும்பியவர்கள் முயன்று பார்க்கலாம் என்றான். எஞ்சினியர் மாணவர்களின் பழைய பரீட்சைத் தாள் அது. அதில் ஒரு தொகையீடு இருந்தது. கலாதேவி அதைச் சனிக்கிழமை செய்து முடித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் கோயில் கூட்டத்துக்குப் போனபின், தாளைக் கொண்டுபோய் சுலக்சனுக்கு முன்னால் குசினி மேசையில் வைத்தாள்.

“இதை ஒருக்கால் செய்து காட்டு தம்பி.”

அவன் தாளைப் பார்த்தான். பிறகு விரலால் அதைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினான்.

“இது பென்ஜமின்ரை தாள். அவன் சொன்னவனோ?”

“ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நீ சொல்லு.”

“என்னத்தைச் சொல்ல? கணிதம் மூண்டு தரம் எழுதினனான். மூண்டு தரமும் பெயில். மூண்டாந்தரம் பெயில் விட்டா வெளியிலை விட்டிடுவினம். விட்டிட்டினம். ஒண்டரை வருசமாச்சு.”

“வேற யூனி...”

“வேற யூனி இல்லை அம்மா. இந்த நாட்டிலை எங்கையும் இனி அந்தப் பாடம் படிக்கேலாது. அதுதான் சட்டம்.”

“அப்ப காலமை காலமை எங்கை போறனி?”

“தளபாடக் கிடங்கு ஒண்டிலை பெட்டி ஏத்திறன். மூண்டு மணிக்கு முடிஞ்சிடும். பேந்து ஆறு மணி மட்டும் நகர நூலகத்திலை இருக்கிறன். படிக்கிறவன் வாற நேரத்துக்குத்தானே இஞ்சை வரலாம்.”

அவள் கதிரையில் இருந்தாள். “ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. “எப்ப சொல்லியிருக்கலாம், சொல்லுங்கோ? கதவைத் திறக்க முதல் தேத்தண்ணியோடை நிப்பியள். இண்டைக்கு என்ன செய்தனி, இண்டைக்கு என்ன படிச்சனி. நான் வாயைத் திறக்கவே உங்கடை முகம் ஒரு மாதிரிப் போகும். நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் அங்கை இருந்து படிக்கிற மாதிரி. அதைப் பாத்துக்கொண்டு என்னெண்டு சொல்ல?”

“நான் உன்ரை நன்மைக்குத்தான்...”

“பத்தாம் வகுப்பு முடிய எனக்குத் தச்சுப் பட்டறையிலை அவுஸ்பில்டுங் கிடைச்சது. அந்த மைஸ்டர் என்னை ரெண்டு கிழமை வைச்சுப் பாத்திட்டு, வா எண்டு சொன்னவர். பதினாறு வயது. தாய் தேப்பன் கையெழுத்து வேணும். நீங்கள் என்ன சொன்னியள் எண்டு ஞாபகம் இருக்கோ?”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. கதிரை செய்யவோ நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தனாங்கள் என்று கேட்டிருந்தாள். அந்தக் கடதாசியை மடித்து அலுமாரித் தட்டில் வைத்தவளும் அவள்தான். கடைசித் திகதி கடந்துபோகும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

அந்த இடத்தில் அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருந்தால்கூடப் போதும். அவளும் பிறகு எத்தனையோ தரம் அந்தக் குசினி மேசைக்குத் திரும்பிப் போய் வேறு வேறு வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்று அவள் கண் மேசையில் கிடந்த தாளில் போய் நின்றது. ஒன்பது நாள் அடக்கிவைத்தது எல்லாம் ஒரு வசனமாக வந்தது.

“இது அப்பிடி ஒண்டும் பெரிய கணக்கில்லையே தம்பி. நான் அரை மணித்தியாலத்திலை செய்திட்டன்.”

சுலக்சன் அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு.

“சரி அப்ப” என்றான். “படிக்க ஆள் கிடைச்சிட்டுது. இனி நான் என்னத்துக்கு?”

செவ்வாய்க்கிழமை அவள் வகுப்பால் வந்தபோது அவன் அறையில் கட்டில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன் லக்ஸன் ஹனோவரில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப் போவதாகத் தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தகப்பனிடம் மிச்சத்தையும் சொல்லியிருந்தான். புவனேந்திரன் வரவேற்பறையில் தொலைக்காட்சியைப் போடாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“பெடியனைக் கலைச்சாச்சு” என்றான். “இனி நீர் இருந்து ஆறுதலாப் படியும்.”

“நான் கலைக்கேல்லை.”

“நீர் அங்கை போகாட்டி இது ஒண்டும் வெளியிலை வந்திருக்காது. அவன் எப்பிடியோ ஒரு வழி பாத்திருப்பான். ஆம்பிளைப் பிள்ளை. அவன்ரை மானத்தைப் போய்க் கிண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்.”

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காமலே புவனேந்திரன் ஒரு முடிவு எடுத்தான். அந்தக் கிழமையே கலியாண வீடு ஒன்றில், பந்தியில் பக்கத்தில் இருந்த சுந்தரேஸ்வரி அக்கா கலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மகன் படிச்சு முடிச்சு ஹனோவரிலை வேலையும் எடுத்திட்டாராம். அண்ணை சொன்னவர். நல்ல கொம்பனியோ?”

கலாதேவி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கணவனைப் பார்த்தாள். அவன் கவனமாகச் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஓம் அக்கா” என்றாள். “நல்ல கொம்பனி.”

“குடுத்து வைச்சனி. இனி ஒரு பெம்பிளையைப் பாக்கலாம்.”

“பாக்கலாம் அக்கா.”

வகுப்பின் கடைசி நாளில் ஒரு சோதனை வைத்தார்கள். ஐம்பதுக்கு அவள் நாற்பத்தாறு எடுத்தாள். குழுவில் அதுதான் கூட. மெலனி அவளைக் கட்டிப்பிடித்தாள், எல்லாரும் பியர் குடிக்கப் போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்றாள். கலாதேவி வேலை இருக்கிறது என்று சொன்னாள். எல்லாரும் போனபின் பென்ஜமின் படியிறங்கி அவளிடம் வந்தான்.

“அன்றைக்கு நான் சொல்லியிருக்கக்கூடாது. மற்றவர்களின் விஷயத்தைக் கதைக்க எனக்கு உரிமையில்லை. நீங்கள் முறைப்பாடு செய்தாலும் எனக்கு விளங்கும்.”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஒன்று கேட்கவேண்டும் என்று மட்டும் இருந்தது.

“அவன் வகுப்புக்கு வந்தவனா?”

பென்ஜமின் யோசித்துச் சொன்னான். “திரும்ப எழுதுபவர்களுக்குக் கோடையில் ஒரு வகுப்பு வைப்போம். இரண்டு கோடையும் வந்தார். ஒருநாளும் தவறவில்லை. முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் எழுதுவார். என்னைவிட அழகான எழுத்து. ஆனால் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது செய்திருக்கலாம்.”

அவன் ஊர் சுற்றியிருந்தால், படுத்துக் கிடந்திருந்தால், அவள் கோபிக்க ஓர் இடம் இருந்திருக்கும். பென்ஜமின் சொன்னது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெயிலில், இதே கட்டடத்தில், வராத ஒன்றை இரண்டு கோடை முழுக்கக் குனிந்திருந்து அழகாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு அவள் ரயிலில் வீட்டுக்கு வந்தாள். புள்ளித் தாளை ஒருவருக்கும் காட்டவில்லை.

ஐப்பசியில் அவள் போய்ப் பதிந்தாள். போகமாட்டாள் என்றுதான் புவனேந்திரன் நினைத்திருந்தான். அவளும் இரண்டு கிழமை அப்படித்தான் நினைத்தாள். ஆனால் போகாமல் விட்டாலும் மகன் திரும்பி வரப்போவதில்லை. வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மூன்று நாள் ஆய்வுகூடம், மிச்ச நாள் விரிவுரை என்று ஓடினாள். முப்பது வருடம் ஆசைப்பட்ட இடத்தில் இருந்தாள். பாடம் விளங்கியது, பிள்ளைகள் மரியாதையாகப் பழகினார்கள். ஒவ்வொரு நாளும் எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றும் இனிக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால், என்ன படித்தாய் என்று கேட்க ஆளில்லை. புவனேந்திரன் தானே தேநீர் போட்டுக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்திருப்பான்.

சுலக்சன் தகப்பனுக்கு மட்டும் போன் எடுத்தான். அவள் எழுதிய செய்திகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சுகம். ஓம். பார்ப்பம். மாசி மாதம் அவள் முதல் பருவக் கணிதப் பரீட்சையை எழுதினாள். பங்குனியில் முடிவு வந்தது. நல்ல புள்ளி. அதற்கடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டு எழுதினாள். ஸ்டேசனுக்கு வந்தால் ஒரு கோப்பி குடிக்கலாம் என்று பதில் வந்தது.

மின்டனில் மாறி, நாலு மணித்தியாலம் பயணம் செய்து ஹனோவருக்குப் போனாள். மீன் கட்லட் சுட்டு ஒரு பெட்டியில் கொண்டுபோயிருந்தாள். அவன் ஸ்டேசன் வாசலில் நின்றான். மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான். கட்டிப்பிடிக்கப் போனாள். அவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். கோப்பிக் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

“பயணம் கஸ்ரமோ?”

“இல்லை. நீ எப்பிடி இருக்கிறாய்?”

“சுகம். குசினி அலுமாரி பூட்டுற கொம்பனி ஒண்டிலை நிக்கிறன். ஓகஸ்ட்டிலை இருந்து அங்கையே தச்சு வேலைக்கு அவுஸ்பில்டுங் தருவினம்.”

“நல்லது தம்பி.”

“ம்.”

அவளைத் தன் அறைக்கு வரச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அடுத்த மேசைக்காரரோடு கதைப்பதுபோல, மழையைப் பற்றியும் ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் மரியாதையாகக் கதைத்தான். கட்லட் பெட்டிக்கு நன்றி சொன்னான். அந்த நன்றி அவளுக்கு அடி விழுந்ததுபோல இருந்தது. பிறகு, கோப்பையைச் சுற்றிக்கொண்டு, வேறு எதுவும் இல்லாமல் போனதால் கேட்டான்:

“படிப்பு எப்பிடிப் போகுது? கணிதம் எழுதினியளோ?”

வரும்போது ரயிலில் அதைச் சொல்லுவதற்கு அவள் பல விதங்களை யோசித்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

“எழுதினனான்” என்றாள். “பெயில் தம்பி.”

அவன் கை நின்றது. ஏழு மாதத்தில் முதல் தரமாக அவன் அவளை நேராகப் பார்த்தான்.

“மெய்யாவோ?”

“ஓம். தலையிலை ஏறுதில்லை. வயது போட்டுது.”

“முதல் தரம் பாதிப் பேர் பெயில்தான் அம்மா.” அவன் குரல் வேறாகியிருந்தது. “அதை யோசிக்காதேங்கோ. இன்னும் ரெண்டு தரம் இருக்குத்தானே.”

நேரமாகிறது, ஒரு வீட்டில் அலுமாரி பூட்டிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லி அவன் எழும்பினான். போகும்போது அவள் தோளை ஒருக்கால் தொட்டான். அவளுடைய ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அவள் அந்தக் கதிரையிலேயே இருந்தாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தகப்பனுக்காக்கும் என்று புவனேந்திரனிடம் கொடுக்கப் போனாள். இல்லை, அவளுக்குத்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறான். அவள் இரண்டாம் பருவப் புத்தகங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் பொறுமையாகச் சொல்லுவான். முதலில் பழைய தாள்களைச் செய்யவேண்டும். விளங்காவிட்டால் உடனே கையை உயர்த்திக் கேட்கவேண்டும், வெட்கப்படக்கூடாது. பென்ஜமின் நல்லவன், அவனிடம் கேட்கலாம். அவள் ஓம், ஓம் என்பாள்.

“திருப்பி எழுதிறது எப்ப அம்மா?”

“செப்டெம்பரிலை.”

“பயப்பிடாதேங்கோ. ஏலும்.”

“ஏலுமோ தெரியேல்லை தம்பி” என்பாள் கலாதேவி. அவன் இன்னும் கொஞ்ச நேரம் கதைப்பான்.